இளஞ்செழியனுக்கு வந்த சர்க்கரை

துவைக்கப் போட்ட சட்டையில் பீட்ரூட் கறை இருந்தது. தட்டுவடைகளுக்கு நடுவே வைக்கிற துருவலின் கறை. கலைமணிக்கு அது போதும்.

"ஏனுங்க, தட்டுவடை செட்டுத் தின்னீங்களா?"

"சேலத்துக்குக் காப்பர் கம்பி வாங்கப் போனேனல்ல? பக்கத்துல நின்னவன் தின்னான். எம் மேல தெறிச்சிருச்சு," என்றார் இளஞ்செழியன்.

மல்லசமுத்திரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். கல்யாணமாகி இருபத்தாறு வருடமாகியும் பெண்டாட்டியிடம் ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லத் தெரியாது.

போன மாதம் ஊர் மண்டபத்தில் கிளினிக்காரர்கள் நடத்திய சர்க்கரைப் பரிசோதனை முகாமில் இருவரும் ரத்தம் கொடுத்தார்கள். முடிவை வாங்கி வந்தவர் முகம் செத்துப்போய், "எனக்குச் சக்கரையாமா. உனக்கு ஒன்னுமில்லையாமா," என்றார். மூன்று மாதம் சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்கு பண்ணினால் மாத்திரையில்லாமல் தப்பிக்கலாமாம். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் மாத்திரைதான்.

அன்றே வீட்டிலிருந்த சர்க்கரை டப்பா பரணேறியது. கம்மஞ்சோறு, கொள்ளு ரசம், எண்ணெயே காட்டாத சுரைக்காய்ப் பொரியல். முதல் வாய்க்கே தட்டைத் தள்ளினார்.

"நீ அரிசிச் சோத்தை முன்னால வெச்சுக்கிட்டு எனக்கு இதைப் போட்டா எப்படி எறங்கும்? நம்ம ஊட்டுல எல்லாருக்கும் ஒரே சோறுதான். நீயும் இதையே தின்னு."

தின்றாள். மூன்று வேளை காபி போச்சு. சட்டியில் மிஞ்சியதை வீணாகிவிடுமே என்று வழித்துத் தின்கிற வழக்கமும் போச்சு. புருஷனுக்காக இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

ஏரிக்கரைக்கு நடக்க அனுப்பினால், மனிதர் டீக்கடை பெஞ்சோடு நின்றுவிடுவதாகச் செய்தி வந்தது. மறுநாள் கலைமணியும் கூடவே கிளம்பினாள். பாதிக் கரையில் அவர் மதகின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"முட்டி வலிக்குது. நீ கடைசி வரைக்கும் போயிட்டு வா, சாமி. நீ வேகமா நடக்கறதைப் பாத்தா எனக்கும் ரோசம் வரும்."

அவருக்கு ரோசம் வருவதற்காகத் தினமும் இரண்டு சுற்று போய்வந்தாள். வரவில்லை. மூன்றாவது சுற்றையும் சேர்த்தாள். வியர்த்து விறுவிறுக்கத் திரும்பி வந்தால், அவர் குச்சிக்கிழங்கு சிப்ஸ் மென்றுகொண்டிருப்பார்.

இரண்டு மாதத்தில் கலைமணியின் ரவிக்கைகள் தொளதொளத்தன. ரொம்ப நாளாக இருந்த கால் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. அதையெல்லாம் கவனிக்க அவளுக்கு ஏது நேரம்? மருந்துக்கடை எடை மெஷினில் இளஞ்செழியன் இரண்டு கிலோ ஏறியிருந்தார்.

"கம்மஞ்சோத்துல ஒடம்பு வெக்குமாட்ட இருக்குது," என்றார்.

அன்று மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்குப் போனாள். கம்மஞ்சோற்றுத் தூக்கு மூடியபடி இருந்தது. பழைய மோட்டார்களுக்குப் பின்னால் அவர் முட்டைப் புரோட்டா தின்றுகொண்டிருந்தார்.

கலைமணி சத்தம் போடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள்.

"இன்னும் நான் என்னதானுங்க பண்ணோணும்? உங்களுக்கு ஒன்னுன்னா நான் எப்படீங்க இருப்பேன்?"

இளஞ்செழியன் எழுந்து வந்தார். கையை லுங்கியில் துடைத்துவிட்டு அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"இன்னும் ஒரு மாசம் பொறுத்துக்க, கலை. எல்லாம் நல்லாத்தான் வரும்."

"இப்படித் தின்னா எங்கிருந்து வரும்?"

அவர் புரோட்டாவைத் தள்ளி வைத்தார்.

மறுபரிசோதனை நாளில், ஊசிக்குப் பயமாக இருக்கிறதென்று அவளையும் ரத்தம் கொடுக்க வைத்தார். சாயங்காலம் முடிவு வாங்கத் தான் மட்டும் போவதாகச் சொல்லிப் பார்த்தார். கலைமணி விடவில்லை. அவர் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் கிளினிக்கில் நர்ஸ் அனிதாவின் மேசைமுன் போய் நின்றுவிட்டாள்.

"சக்கரை நல்லா எறங்கிருச்சுங்கக்கா! மாத்திரையே வேண்டாம்னுட்டாரு டாக்டர்."

"மாரியாத்தா!" கலைமணி அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணீர் கொட்டியது. "புரோட்டாத் தின்னுமே எம் புருஷனைக் காப்பாத்திட்டியே, தாயி!"

பின்னால் வந்த இளஞ்செழியன் சுவரிலிருந்த காலண்டரை மும்முரமாகப் படிக்க ஆரம்பித்தார்.

அனிதா சிரித்தாள். "அண்ணனுக்கு ஏதுங்கக்கா சக்கரை? மொதல்ல இருந்தே உங்களுக்குத்தான். 'தனக்குன்னா ஒரு வேளைகூடப் பத்தியம் இருக்க மாட்டா, எனக்குன்னு சொன்னா ஊரையே சுத்தி வருவா'ன்னு அண்ணன்தானுங்க, உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு டாக்டர்கிட்டக் கெஞ்சுனாரு."