விசுவாசத்தில் மலேசியா போனவன்

பொறாமையே இல்லாத இசைக்கலைஞன் என்று யாராவது தன்னைச் சொல்லிக்கொண்டால் நம்பாதீர்கள். அதிலும் சபையில் கீபோர்டு வாசிக்கிறவனை நம்பவே நம்பாதீர்கள். அவன் பொறாமைப்படுகிறேன் என்று சொல்லமாட்டான், "அந்தத் தம்பிக்காகப் பாரத்தோடு ஜெபிக்கிறேன்" என்பான். நானும் மைக்கேலுக்காக அப்படித்தான் வெகுநாள் ஜெபித்தேன். (அவன் விரல் சுளுக்கிக்கொள்ள வேண்டும் என்று நேரடியாகக் கேட்டதில்லை. ஆண்டவருக்குப் புரியும் என்று விட்டுவிட்டேன்.)

திருவொற்றியூரில், படகு எஞ்சின் ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் சபை. வாரநாட்களில் எனக்குக் கன்டெய்னர் யார்டில் சீல் சரிபார்க்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நான் சாலமன் பிரதர், கீபோர்டு. ஒரே ஒரு சுருதியில்தான் வாசிக்கத் தெரியும். பாட்டு வேறு சுருதியில் வந்தால் கீபோர்டில் இருக்கும் பட்டனை அழுத்தி அதை என் வழிக்குக் கொண்டுவந்துவிடுவேன். இந்த வித்தையை வைத்துக்கொண்டு சினிமாவில் வாசிக்க ஆசைப்பட்டு கோடம்பாக்கத்துக்கு அலைந்தேன். அங்கே எனக்கு நிறையப் பேர் பழக்கம். எல்லோரும் ஸ்டூடியோ வாட்ச்மேன்கள்.

மைக்கேல் நெட்டுக்குப்பத்திலிருந்து வந்தவன். என் பக்கத்தில் நின்று கொஞ்ச நாள் பார்த்தான். பிறகு சபையிலிருந்த பழைய கீபோர்டை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு வருஷம் கழித்து வந்தான். எந்தச் சுருதியானாலும் கறுப்புக் கட்டை, வெள்ளைக் கட்டை என்று பார்க்காமல் விரல் ஓடியது. ஒருநாள் எல்லோர் முன்னாலும் என்னிடம் கேட்டான்: "அண்ணாத்த, அந்த பட்டன் இன்னாத்துக்கு?" உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டான். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

எங்கள் ஆராதனையில் சாட்சி நேரம் உண்டு. ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்ல வேண்டும். காய்ச்சல் விட்டதும் சாட்சிதான், சிலிண்டர் சீக்கிரம் வந்ததும் சாட்சிதான். இதில் இன்னொரு வகை விசுவாச சாட்சி. இன்னும் நடக்காததை நடந்துவிட்டதாகவே நம்பி முன்கூட்டியே நன்றி சொல்வது. ஆனால் "விசுவாசத்தினாலே சொல்கிறேன்" என்று ஆரம்பித்துவிட வேண்டும். அதுதான் முறை.

ஒரு ஞாயிறு சாட்சி நேரத்தில் மைக்கேல் எழுந்தான். ஒரு சினிமாப் பாட்டு ரெக்கார்டிங்கில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்களாம். சபை கைதட்டியது. எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டியது என் அம்மா. நான் முதன்முதலில் வாசித்த அன்றுகூட அம்மா அப்படித் தட்டவில்லை.

மைக் எப்படி என் கைக்கு வந்தது என்று தெரியாது. எதிர்ச் சுவரில் ஏதோ டிராவல்ஸ்காரர்கள் கொடுத்த காலண்டர், அதில் மலேசியாவின் இரட்டைக் கோபுரம். "மலேசியாவில் கச்சேரிகளில் வாசிக்க ஆண்டவர் எனக்கு வாசலைத் திறந்துவிட்டார்" என்றேன். விசுவாசத்தினாலே என்ற வார்த்தை தொண்டையிலேயே தங்கிவிட்டது. (காலண்டரில் துபாய் இருந்திருந்தால் துபாய்க்குப் போயிருப்பேன்.)

சாயங்காலத்துக்குள் அம்மா விஷயத்தைக் காசிமேடு மீன் மார்க்கெட்வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். திங்கட்கிழமை யார்டில் சூப்பர்வைசர் கைகொடுத்தார். பக்கத்துத் தெரு எஸ்தர் ஆன்ட்டியின் மகளை மலேசியாவில் கட்டிக்கொடுத்திருந்தது. ஆன்ட்டி நெத்திலிக் கருவாட்டைப் பாலிதீன் கவரில் சுற்றி, அதற்கு மேல் இன்னும் சில கவர்களைச் சுற்றி எடுத்துவந்தார். "இத்த மட்டும் என் பொண்ணாண்ட குட்துடு நைனா. அங்க கெடைக்கிறது நெத்திலியே இல்லியாம்" என்றார். கவரை மீறி வாசனை வீடெல்லாம் பரவியது. ராத்திரி அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டு நான் செய்த ஜெபம்தான் என் வாழ்நாளிலேயே உண்மையான ஜெபம்.

மறுநாள் பாஸ்டரிடம் உண்மையைச் சொல்லிவிடப் போனேன்.

"பாஸ்டர், விசா வரல."

"வரும்."

"டிக்கெட்டும் வரல பாஸ்டர்."

"வரும்."

"யாருமே கூப்பிடல பாஸ்டர்."

"கூப்பிடுவாங்க தம்பி. உங்க விசுவாசத்தப் பாத்து எனக்கே வெக்கமா இருக்கு" என்று சொல்லி, தலையில் கைவைத்து ஜெபித்து, வருகிற ஞாயிறே வழியனுப்பு ஆராதனை என்று அறிவித்துவிட்டார்.

அந்த ஞாயிறு மாடிப்படியில் பிளெக்ஸ் பேனர். அதில் இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் கல்யாண கோட்டில் நான். உள்ளே என் ஸ்டூலில் மைக்கேல். அவன் வழியனுப்பும் பாட்டை வாசிக்க ஆரம்பித்ததும் எனக்கு அழுகை முட்டியது. பிரிவால் அல்ல. அதே ஓட்டைக் கீபோர்டு, அதே ஸ்பீக்கர், என்னிடம் ஒருநாளும் வராத இசை அவனிடம் அப்படி வந்தது. நான் வயிறெரிந்து அழுதேன். பிரிவின் துயரம் என்று நினைத்து மொத்த சபையும் சேர்ந்து அழுதது.

பாட்டு முடிந்ததும் மைக்கேல் எழுந்து வந்து என் கையைப் பிடித்தான்.

"அண்ணாத்த, நீ வாசிக்கிறத பாத்துதான் எனக்கு ஆசையே வந்துச்சு. இந்த எடம் உன்னுதுதான். நீ வர்ற வரைக்கும் நான் சும்மா பாத்துக்கினு கீறேன்."

அவன் திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். மைக்கை வாங்கி, "நான் எங்கேயும் போகல. போன வாரம் மைக்கேலுக்குக் கை தட்டுனீங்க, தாங்கல, பொய் சொல்லிட்டேன்" என்றேன். கீழே ரோட்டில் ஒரு டிரெய்லர் லாரி நீளமாக ஹாரன் அடித்துவிட்டுப் போனது. பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பின்வரிசையிலிருந்து எஸ்தர் ஆன்ட்டியின் குரல் மட்டும் வந்தது. "அப்ப என் கருவாடு?"

சபை சிரித்த சிரிப்பில் பாஸ்டரே நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். சிரிக்காதவர் அம்மா மட்டும்தான். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: "அவனுக்கு அம்மா இல்லடா. கை தட்ட யார் கீறாங்க? அதான் நான் தட்டுனேன்."

அதற்கடுத்த வருஷம் நிஜமாகவே மலேசியா போனது மைக்கேல்தான், ஒரு கச்சேரிக் குழுவோடு. எஸ்தர் ஆன்ட்டி புதிதாகக் காயவைத்த நெத்திலியை அவன் பெட்டியில் வைத்தது நான். அவன் போடுகிற போட்டோக்களுக்கெல்லாம் இப்போதும் லைக் போடுகிறேன், ஒருநாள் தாமதமாக. ஞாயிற்றுக்கிழமை என் ஸ்டூலும் என் பட்டனும் எனக்கே இருக்கின்றன. பொறாமை போய்விட்டதா என்றால், போய்விட்டது என்றுதான் சாட்சி சொல்லியிருக்கிறேன். (விசுவாசத்தினாலே.)

வீட்டில் அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும் ஒரே கேள்வி. கரண்ட் பில் கட்டிவிட்டேன் என்றால், "நடந்ததா, இல்ல விசுவாசத்துலயா?" என்பாள் என் மனைவி. என் மகள்கூட ஹோம்வொர்க்கை விசுவாசத்தில் முடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

போன வாரம் மைக்கேல் மலேசியாவிலிருந்து போன் செய்தான். அங்கே ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி, கூட வாசிக்க ஆள் வேண்டுமாம், பட்டனோடு வந்தாலும் பரவாயில்லையாம். வீட்டில் சொன்னேன். அம்மாவும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அதே கேள்வியைச் சேர்ந்தே கேட்டார்கள். சபையில் சொன்னேன், பாஸ்டர் முதலில் டிக்கெட்டைக் காட்டச் சொன்னார்.

எஸ்தர் ஆன்ட்டி மட்டும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவர் வீட்டு மொட்டைமாடியில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது.