என் போர்வையும் அவள் பாட்காஸ்டும்

அன்று காலை பல் துலக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். இனிப் பொறுப்பதில்லை. முன்னறையை மீட்டே தீருவது!

முன்னறை பறிபோய் ஏழு மாதம், பதினொரு நாள். நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை. முப்பது வருஷம் குழாய் வேலை பார்த்து ஓய்ந்த உடம்புக்கு அங்கே ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ஃபேன், ஒரு போர்வை. அவ்வளவுதான் என் ராஜ்யம். அதன் மேல் படையெடுத்தவள் என் மனைவி.

அவள் மொழி ஆசிரியை. நம் மொழியைப் புதிதாகக் கற்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். தன்னைப் போன்ற ஆசிரியர்களுக்காக அவள் வாராவாரம் பேசிப் பதிவுசெய்து இணையத்தில் பாட்காஸ்ட் போடுகிறாள். எதிரொலி வரக் கூடாதாம். என் போர்வையைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டாள். இரைச்சல் கூடாதாம், என் ஃபேன் நின்றது. நான் சமையலறை ஸ்டூலுக்குக் குடிபெயர்ந்தேன்.

அப்படி என்னதான் பேசுகிறாள்? "பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. மாணவர்களுக்கு நிஜமான பேச்சைக் கொடுங்கள்." இதைச் சொல்வதற்காக, வீட்டில் நிஜமாகப் பேசுகிற ஒரே ஆளை வாயை மூடச் சொன்னாள்!

அவள் பதிவைத் தொடங்கியதும் ஸ்பேனரை எடுத்தேன். சமையலறைக் குழாயில் போட்டேன் ஒரு போடு.

"என்னங்க! ரெக்கார்டிங் ஓடுது."

"ஓடட்டும். குழாய் ஒழுகுது."

"எந்தக் குழாய்?"

"நான் தட்டுற குழாய். இன்னும் ரெண்டு தட்டுத் தட்டினா ஒழுகும்."

"மெதுவா தட்டக் கூடாதா?"

"மெதுவா தட்ட இது என்ன பேரப்பிள்ளை முதுகா? என் போர்வை எங்க? என் காத்து எங்க? சொந்த வீட்டுல ஸ்டூல்ல உட்கார்ந்து பால் சட்டிக்குக் காவல் இருக்கேன்!"

பதிலுக்கு அவள் கத்தவில்லை. "சொல்லுங்க, வேற?" என்றாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நான்கு நாள் கழித்துப் பக்கத்து வீட்டுத் தையல்காரர் வாசலில் மறித்தார்.

"அண்ணே, கலக்கிட்டீங்க! என் மருமகளும் டீச்சர்தானே? பாட்காஸ்ட்ல வந்த உங்க சண்டையைத்தான் வகுப்புல பாடமா போட்டாளாம். 'தாத்தாவின் போர்வை எங்கே?' இருபது பேர் பதில் எழுதியிருக்காங்க."

"சரியா எழுதினாங்களா?"

"எல்லாரும் 'சுவரில்'னுதான்."

முன்பின் தெரியாத இருபது பேருக்குத் தெரிந்த நியாயம், கட்டிய மனைவிக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து மௌனம். இருமலைக்கூட விழுங்கினேன். மூன்றாம் நாள் கையில் செல்போனோடு வந்து நின்றாள்.

"பேசுங்களேன். அடுத்த பாடத்துக்கு ஆளில்லாம நிக்கிறேன்."

வந்தாயா வழிக்கு!

"அறை வேணும்."

"எடுத்துக்குங்க."

"போர்வை?"

"இப்பவே கழட்டித் தரேன்."

"ஃபேன்?"

"முழு வேகத்துல வச்சுக்குங்க."

"பேச்சு மாறக் கூடாது."

"மாறாதுங்க."

நாற்காலியில் சாய்ந்தேன். போர்வையைப் போர்த்தினேன். ஃபேன் கடகடவென்று சுற்றியது. "பார்த்தியா? கல்யாணமான நாள்லேர்ந்து முதல் தடவையா ஜெயிச்சிருக்கேன்!" என்று முழங்கினேன்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க" என்றபடி நாற்காலிக் கைப்பிடியில் எதையோ கட்டினாள்.

"அதென்ன?"

"மைக்குங்க. ஃபேன் சத்தம், உங்க முனகல் எல்லாம் சேர்ந்து வந்தாதான் நிஜமா இருக்குன்னு டீச்சருங்க எழுதிக் கேக்குறாங்க. பேரம் பேசுற பாடத்தை இப்பதான் போன்ல பிடிச்சேன். அடுத்தது பெருமையடிக்கிற பாடம். ம், சொல்லுங்க."

முன்னறை எனக்கே திரும்பக் கிடைத்துவிட்டது. மைக்கோடு.