பாய்லர் அண்ணனின் கொதிப்பு

மலாயா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், தனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது என்று கேட்டதும் மார்தட்டிக்கொண்ட மனுஷன் ஒருத்தர்தான் அகப்படுவார். அவர் எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் கம்பெனி லைனில், பதினோராம் நம்பர் வீட்டில் குடியிருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் கம்பெனிப் பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் அவர் பாய்லர் அண்ணன். பட்டறையின் நீராவிப் பாய்லரை இருபத்திரண்டு வருஷம் கட்டி மேய்த்தவர்.

கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எனக்குக் கொதிப்பு ஏறிவிடும். அதன் மருந்தகத்தில் நான் டிரசராக இருந்தேன். டிரசர் என்றால் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். புண்ணுக்குக் கட்டுப் போட வேண்டும், காய்ச்சலுக்குக் கொயினா கொடுக்க வேண்டும், மாதம் ஒருமுறை டாக்டர் துரை காரில் வந்து இறங்கும்போது ஓடிப்போய்க் கதவைத் திறக்க வேண்டும். மூன்றாவது வேலையில் தவறினால்தான் திட்டு விழும்.

பாய்லர் அண்ணனுக்கு இடது காதில் பாதி கிடையாது. கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார். பாசார்ச் சந்தை மீன்காரியிடம் குரங்கு கடித்துவிட்டது என்றார். கோயில் குருக்களிடம் நேர்த்திக்கடன் என்றார். என்னிடம், "கல்யாணமான புதுசுல உன் அண்ணி ஒருநாள் கோவிச்சுக்கிட்டா தம்பி" என்றார்.

உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. "மிச்சப் பாதியை எதுக்கு விட்டு வெச்சிருக்கேன்னு கேளுங்க டிரசரே!"

ரப்பர் விலை விழுந்து நாடே வேலையில்லாமல் கிடந்த காலம் அது. ஆட்களைக் குறைக்கக் கம்பெனி காரணம் தேடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து டாக்டர் துரை சீமையிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். உள்ளே பாதரசம் ஏறி இறங்கும் கண்ணாடிக் குழாய், கையில் சுற்ற ஒரு பட்டை, காற்றடிக்க ஒரு ரப்பர் பந்து. நாற்பது வயது தாண்டியவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். மேல் அளவு நூற்றெண்பதுக்குள் இருந்தால் அட்டையில் நீல மை. தாண்டினால் சிவப்பு மை. சிவப்பு வாங்கினவனுக்கு மூன்று மாதம் தவணை. மூன்றாவது மாதமும் சிவப்பு என்றால் வேலை போச்சு, வீடு போச்சு, கையில் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் டிக்கெட்.

பாய்லர் அண்ணனுக்கு இருநூற்றிரண்டு.

நான் தமிழில் சொன்னதும் மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "இருநூறா? நெசமாவா? என் பாய்லரே நூறு பவுண்டுதான் தம்பி தாங்கும். நூத்திப்பத்துக்குப் போனா வால்வு தூக்கிக்கிட்டு ஊளையிடும். நான் இருநூறு தாங்கிக்கிட்டு கல்லு மாதிரி நிக்கிறேன்!" வரிசையில் நின்றவர்கள் பக்கம் திரும்பி நெஞ்சை நிமிர்த்தினார். அது வேறு அளவு, இது வேறு அளவு என்று தலையால் தண்ணி குடித்து விளக்கினேன். காதில் ஏறவில்லை. அவருக்கு இருந்ததோ ஒன்றரைக் காது.

அன்று சாயங்காலம் அண்ணிதான் போட்டு உடைத்தார். அண்ணி கிள்ளானில் பிறந்தவர், நாகப்பட்டினத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அண்ணன் பதினாறு வயதில் கப்பலேறியவர். அங்கே அவருக்கு மிச்சம் யாருமில்லை. "அந்தச் சிவப்பு மைக்கு என்னா அர்த்தம்னு தெரியுமா உங்களுக்கு? அங்க போய் இறங்கி யார் வீட்டுக் கதவைத் தட்டப் போறீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் அண்ணனின் முகம் விழுந்தது.

டாக்டர் துரை சொன்ன வைத்தியம் இரண்டே இரண்டு. உப்பை விடு, கவலையை விடு. கொதிப்பு இறங்காவிட்டால் சோறு போய்விடும் என்று ஒருத்தனிடம் சொல்லிவிட்டு, அதே மூச்சில் கவலைப்படாதே என்பதற்கு எந்தச் சீமையில் படித்துவிட்டு வருகிறார்களோ! நான் அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு மொழிபெயர்த்தேன்.

அண்ணன் வைத்தியத்தைப் பாய்லர்காரனாகவே ஆரம்பித்தார். "அழுத்தம் காட்டுற கேஜைப் பார்க்காம பாய்லர் ஓட்டுறவன் கொலைகாரன்" என்பது அவருடைய பேச்சு. தினமும் வேலை முடிந்ததும் மருந்தகத்துக்கு வந்து கையை நீட்டுவார். நான் அளந்து சொன்னதைக் கொண்டுபோய்ப் பாய்லர் அறைச் சுவரில் சாக்குக்கட்டியால் எழுதுவார். இடது பக்கம் பாய்லரின் அளவு, வலது பக்கம் தன்னுடையது.

ஒருநாள் எஞ்சினியர் துரை அந்த வழியாக வந்தார். சுவரில் நூற்றெழுபது என்றிருந்ததைப் பார்த்தார். கையிலிருந்த சுருட்டு கீழே விழ, "ரன்! ரன்!" என்று கத்திக்கொண்டு வெளியே பாய்ந்தார். பட்டறையே அவர் பின்னால் ஓடியது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் எல்லோரும் குப்புறப் படுத்துக் கிடந்தபோது, அண்ணன் கரித்துணியில் கையைத் துடைத்தபடி வந்து நின்றார். "பயப்படாதீங்க துரை. அது நேத்து நான்" என்றார்.

வீட்டில் கூத்து வேறு மாதிரி. உப்பில்லாத மீன் குழம்பு, உப்பில்லாத ரசம். "இவருக்குக் கொதிப்பு இறங்குதோ இல்லையோ, இதை ஆக்கி ஆக்கி எனக்கு ஏறுது" என்றார் அண்ணி. கோழி கூவினால் கொதிப்பு ஏறுகிறது என்று அண்ணன் பக்கத்து வீட்டுச் சேவலோடு சண்டைக்குப் போனார். சண்டை போட்டதில் பத்து ஏறியது. சேவலை விலைக்கு வாங்கி உப்பில்லாமல் குழம்பு வைத்தார். தின்றதும் இன்னும் பத்து ஏறியது.

எது ஏற்றுகிறது, எது இறக்குகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனையே நடத்திவிட்டோம். நான் பெட்டியோடு பதினோராம் நம்பர் வீட்டுக்குப் போனேன். கையில் பட்டையைச் சுற்றி, அண்ணியை எதிரே உட்கார வைத்து ஒவ்வொரு பேச்சாகப் பேசச் சொன்னார் அண்ணன்.

"மழை வர்ற மாதிரி இருக்கு" என்றார் அண்ணி. நூற்று நாற்பத்தெட்டு.

"என் தம்பி கிள்ளான்லேர்ந்து பத்து நாள் தங்க வரானாம்." நூற்று அறுபது.

"ஏன், என் தம்பி வந்தா உங்களுக்கு எங்க எரியுது?" நூற்று எழுபது.

"அதை விடு லா! அடுத்தது சொல்லு."

அண்ணி வாசல் பக்கம் காதைச் சாய்த்தார். "டாக்டர் துரை கார் சத்தம் கேக்குது." பாதரசம் கிடுகிடுவென்று இருநூறைத் தொட்டது. காராவது, துரையாவது! தெருவில் ஒரு ஈ காக்கை கிடையாது. அண்ணி சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்கு விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. என் கையில் நூற்று நாற்பது, நூற்றைம்பது. துரை கையில் இருநூறு. பாய்லர் அறைக்குள்ளேயே வைத்து அளந்தால், அந்த அனலிலும் இரைச்சலிலும் நூற்று முப்பத்தாறு. மனுஷனுக்கு அதுதான் சொந்த வீடு.

இரண்டாவது மாதமும் சிவப்பு மை விழுந்தபோது, துரையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "பாய்லர் அறைக்கு வந்து ஒருதரம் அளந்து பார்த்தால்..." துரை தன் வெள்ளைக் காற்சட்டையைக் குனிந்து பார்த்தார். அந்தக் கரிக்கிடங்குக்கு நான் வருவதா என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

மூன்றாவது மாதம் ஒரு அதிசயம் நடந்தது. துரைக்கே கொதிப்பாம்! வேலைப் பளு தாங்காமல் ஏறிவிட்டதாம். ஆறு வாரம் மலைமேல் குளிர்ந்த காற்று வாங்கிவிட்டு வரக் கம்பெனியே அனுப்பி வைத்தது. கொதிப்பு ஒன்றுதான். துரைக்கு மலை, எங்கள் ஆளுக்குக் கப்பல். போகும்போது துரை உத்தரவு போட்டுவிட்டுப் போனார், இந்த மாதம் டிரசரே அளந்து அட்டையில் எழுதி அனுப்பட்டும் என்று.

லைன் முழுக்கக் கொண்டாட்டம். "நம்ம டிரசரு கையிலயா? அப்புறம் என்ன!" அண்ணி முதல் நாளே பாயசத்துக்கு ஜவ்வரிசி வாங்கி வைத்துவிட்டார். நான் மட்டும் லேசுப்பட்டவனா? வெள்ளைக் கோட்டைக் கஞ்சி போட்டுத் தேய்த்து மாட்டிக்கொண்டேன். துரையின் நாற்காலியில் உட்கார்ந்தேன். நீல மையையும் சிவப்பு மையையும் மேசைமேல் ஜோடியாக வைத்துக்கொண்டேன். அட, என்ன சுகம் அந்த நாற்காலி!

அண்ணன் தலைக்கு எண்ணெய் தடவி, சலவைச் சட்டை போட்டு வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். தினமும் வந்ததும் வராததுமாகப் பெஞ்சில் சாய்கிறவர், அன்றைக்கு நின்றார்.

"உக்காரலாங்களா அய்யா?" என்றார்.

பட்டையைச் சுற்றினேன். இருநூற்றாறு. தண்ணீர் கொடுத்துக் கால்மணி நேரம் கழித்து அளந்தேன். இருநூற்றுப் பத்து. கோட்டைக் கழற்றி எறிந்தேன், நாற்காலியை விட்டு இறங்கி அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன், சேவல் கதையைப் பேசினேன். இருநூற்று நாலு. அவர் கண் அந்த இரண்டு மைப்புட்டிகளை விட்டு நகரவே இல்லை. தினமும் அளந்த அதே கை, அதே பட்டைதான். ஆனால் பேனா என்னிடம் வந்துவிட்டதே! நானும் துரையாகிவிட்டேன்.

எழுந்து கதவைச் சாத்தினேன். "அண்ணே, நூத்தி நாப்பதுன்னு எழுதிடறேன். தினமும் உங்களுக்கு அதானே?"

"இப்ப எவ்வளவு காட்டுது அய்யா?"

"இருநூத்தி நாலு. அதை விடுங்க."

"அப்ப அதை எழுதுங்க."

"உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அண்ணியை நெனைச்சுப் பார்த்தீங்களா?" என்று கத்தினேன். அவர் பாதிக் காதைத் தடவிக்கொண்டார். குரங்கும் இல்லை, நேர்த்திக்கடனும் இல்லை, அண்ணியும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"கிள்ளான் பக்கம் ஒரு மரமில்லு. நானும் என் கூட்டாளியும் ஒரே பாய்லர். கேஜு ஏறிக்கிட்டே போச்சு, மொதலாளி நெருப்பைக் கொறைக்கக் கூடாதுன்னுட்டான். நோட்டுல நூறுன்னு எழுதினோம். எழுதினது நான்தான். அவன் கரி அள்ளப் போனான், நான் வெளிய வந்தேன், பாய்லர் வெடிச்சிருச்சு. எனக்குப் பாதிக் காதோட போச்சு. அவனைச் சாக்குலதான் அள்ளினாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நாளைக்கு நான் நெருப்புக்கு முன்னாடி மயங்கி விழுந்தா, பட்டறையில முப்பது பேரு. பொய்யி எழுதின கை தூங்காதுங்க அய்யா. எனக்குத் தெரியும்."

எழுதினேன். இருநூற்று நாலு, சிவப்பு மையில். டாக்டர் துரையை இத்தனை வருஷமாகத் திட்டித் தீர்க்கிறேனே, அந்த அட்டையில் இருந்தது என் கையெழுத்து. அவர் மலையிலிருந்து கன்னம் சிவக்கத் திரும்பிவந்து, சுத்தமான வேலை என்று என் முதுகில் தட்டினார். அண்ணி வாங்கி வைத்த ஜவ்வரிசியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

கப்பல் புறப்படும் நாளன்று மருந்தகத்தைப் பூட்டிவிட்டு, யாரையும் கேட்காமல் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிக் கிள்ளான் துறைமுகத்துக்குப் போனேன். அண்ணன் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டைக் கையைத் தானாகவே சுருட்டிவிட்டார்.

"பாரு தம்பி, கடைசியா ஒரு தடவை."

அய்யா போய் மறுபடியும் தம்பி ஆகிவிட்டேன்; பட்டையைச் சுற்றினேன். பந்தை அமுக்கினேன். சுற்றிலும் சங்குச் சத்தம், அழுகை, மூட்டை ஏற்றுகிற கூச்சல். இரண்டு தரம் அளந்தேன். நூற்று முப்பத்தெட்டு.

அண்ணி அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். "இதை அன்னிக்கே காட்டியிருந்தா என்னா லா உங்களுக்கு!" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதார். அண்ணன் சிரித்தார். "இனிமே எதுக்குப் பயப்படணும், சொல்லு?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எழுதிக்கோ தம்பி" என்றார்.

எதில் எழுதுவது? அவருடைய அட்டை கம்பெனி அலமாரியில் பூட்டிக் கிடந்தது. சரி அண்ணே, எழுதிக்கிறேன் என்று தலையை ஆட்டினேன். அவர் நம்பிக் கப்பலேறினார். ஒரு கடிதமும் வரவில்லை. அண்ணனுக்கு எண் மட்டும்தான் எழுத வரும், அண்ணிக்கு அதுவும் வராது.

எனக்கு இப்போது, அவருக்கு அன்றிருந்த வயதைவிட அதிக வயது, அவருக்கு இருந்த கொதிப்பும் உண்டு. பொய் எழுதாத கையும் தூங்காது என்று அவரிடம் யாராவது சொல்லியிருக்கலாம். இந்தக் கட்டுரைக்காக முந்தாநாள் கடைக்குப் போய் ஒரு மைப்புட்டி வாங்கி வந்தேன். அச்சில் கறுப்பாகத்தான் வரும், அதற்கு நான் பொறுப்பில்லை.

அண்ணே, நூற்று முப்பத்தெட்டு. நீல மையில்தான் எழுதியிருக்கிறேன்.