பெண் கேட்கும் முன் காரைக் கேளுங்கள்

மாமா ஆகப்போகிறவருக்கு (ஆகாமலும் போகலாம், அது ஞாயிற்றுக்கிழமை உங்கள் நடத்தையைப் பொறுத்தது),

உங்கள் வருங்கால மைத்துனன் எழுதுவது. இங்கு நான் நலம், அம்மா நலம், அக்கா உங்களை நினைத்து உருகிக்கொண்டே நலம். துரை மட்டும் நலமில்லை. துரைக்கு உடம்பு சரியில்லை என்றால் அப்பாவுக்கு மனசு சரியில்லை, அதனால்தான் அவசரமாக இந்தக் கடிதம். போனிலேயே அனுப்பியிருப்பேன். ஆனால் உங்களுக்கு எது வந்தாலும் அடுத்த நொடி அதை அக்காவுக்குத் தள்ளிவிடுகிற நல்ல பழக்கம் உங்களிடம் இருப்பதாகக் கேள்வி.

ஞாயிறு காலை எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பெண் கேட்கப்போகிறீர்கள். அவர் சரி என்றால் உங்களுக்கு அக்கா, எனக்கு அக்காவின் அறை. இல்லை என்றால் நம் இருவருக்குமே ஒன்றுமில்லை. ஆகவே உங்கள் நலமே என் நலம் என்று நம்பி மேலே படியுங்கள். அப்பா உங்கள் படிப்பைக் கேட்க மாட்டார், வேலையைக் கேட்க மாட்டார். தோளில் கை போட்டு நேராகக் கார் ஷெட்டுக்குக் கூட்டிப்போவார். அங்கே சாம்பல் நிறத்தில், அப்பாவைவிட மூத்ததாய், கன்னம் உப்பிய ஒரு பிரிட்டிஷ் கார் நிற்கும். அதுதான் துரை. சிரித்துவிடாதீர்கள். போன வருடம் ஒரு பிளம்பர் அதைப் பார்த்து, "என்ன சார், எடைக்குப் போடலையா?" என்று கேட்டார். அவரை அப்பா அப்புறம் வீட்டுக்குள் விடவே இல்லை, எங்கள் குளியலறைக் குழாய் இன்றுவரை சொட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த ரகத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் சலூன் கார். பெயருக்கேற்ப வாங்கிய அன்றே அப்பாவுக்கு மொட்டை. விற்றவர் ஒரு ஓய்வுபெற்ற பல் டாக்டர். "ஏறி உட்காருங்க, கொஞ்சம்கூட வலிக்காது," என்றுதான் ஆரம்பித்தார். "இது வழியில நிக்கவே நிக்காது சார்" என்றும் சொன்னார். அதில் பொய் இல்லை, பிரேக் பிடிக்கவில்லை. முதல் நாள் எங்கள் கேட்டைத் தாண்டி, பக்கத்து வீட்டுக் கேட்டையும் தாண்டி, அவர்கள் காயப்போட்டிருந்த போர்வையைப் போர்த்திக்கொண்டு துரை ஒருவழியாக ஓய்வெடுத்தார். பிரேக்கைச் சரிசெய்ய மெக்கானிக் வந்தார், அவரிடமிருந்த எந்த ஸ்பேனரும் சேரவில்லை, துரைக்கு எல்லாம் அங்குலக் கணக்காம். அப்பா ஊரெல்லாம் அலைந்து அங்குல ஸ்பேனர் ஒரு செட் வாங்கிவந்தார். அது இப்போது பீரோவில் அம்மாவின் நகைப் பெட்டி இருந்த இடத்தில் இருக்கிறது. நகைப் பெட்டி அரிசி டின்னுக்குள் இருக்கிறது. அப்புறம் பேட்டரி. எல்லாக் காரிலும் நெகட்டிவ் ஒயரைத்தான் பாடியில் மாட்டுவார்கள், துரைக்கு மட்டும் பாசிட்டிவ். மெக்கானிக் பழக்கதோஷத்தில் மாற்றி மாட்ட, ரேடியோவிலிருந்து பாட்டுக்குப் பதில் புகை வந்தது. "உலகமே நெகட்டிவ்னு சொன்னாலும் இது பாசிட்டிவா நிக்குது பாரு," என்று அப்பா இருமிக்கொண்டே பெருமைப்பட்டார்.

இனி முக்கியமான பாடம். துரையை ஒரு ஆள் ஓட்ட முடியாது, ஒரு குடும்பம்தான் ஓட்ட முடியும். பெட்ரோல் பம்ப் டிக்கிப் பக்கம் இருக்கிறது, அடிக்கடி மூச்சை நிறுத்திக்கொள்ளும், வெளியிலிருந்து ஒரு தட்டு தட்டினால் பிழைத்துக்கொள்ளும். சுத்தியல், கட்டை எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டோம். அம்மாவின் செருப்புக்கு மட்டும்தான் அது கேட்கிறது. (நானும் அப்படித்தான் என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை.) சிக்னல் விளக்கு கிடையாது. அதற்குப் பதில் கதவுக்குப் பின்னால் இருக்கும் தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும். நீள வேண்டும். நீளாது. உள்ளே இருப்பவர் தூணில் ஓங்கிக் குத்தினால்தான் நீளும். இடது பக்கம் குத்துவது நான், வலது பக்கம் குத்துவது அக்கா. "ஜன்னல் வழியா உங்க கையை நீட்டுங்களேன்," என்று அம்மா ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். "வண்டிக்குன்னு கை இருக்கும்போது நான் எதுக்குடி கை நீட்டணும்? நான் என்ன கடனா கேக்குறேன்?" என்றார் அப்பா.

இப்போது புரிகிறதா மாமா, உங்கள் கல்யாணத்தில் எங்கே சிக்கல் என்று? உங்கள் மேல் அப்பாவுக்குக் கோபமே கிடையாது. அக்கா போய்விட்டால் வலது பக்கம் குத்த ஆளில்லை, அவ்வளவுதான். போன மாதம் அக்கா காய்ச்சலில் படுத்திருந்தபோது நாங்கள் இடது பக்கமாகவே திரும்பித் திரும்பி மார்க்கெட்டுக்குப் போனோம். மார்க்கெட் எங்கள் தெருவுக்கு வலது பக்கம். போய்ச் சேர்வதற்குள் கடையெல்லாம் மூடிவிட்டார்கள். அன்று ராத்திரி சாப்பாட்டில் அப்பா, "பொண்ணுன்னா ஒரு வீட்டுக்கு எவ்வளவு முக்கியம்!" என்று கண் கலங்கினார். அக்கா உருகிப்போனாள். எனக்குத்தான் விஷயம் தெரியும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியது இதுதான். ஷெட்டுக்குள் நுழைந்ததும் ஐந்து நிமிடம் பேசாதீர்கள். அப்புறம் மெதுவாக, "இந்த மாதிரி எல்லாம் இப்ப யாரு சார் செய்யுறாங்க?" என்று கேளுங்கள். (யாரும் செய்வதில்லை என்பதால் இது பொய்யாகாது.) அடியில் எண்ணெய் ஒழுகுவதைப் பார்த்தும் பாராமல் இருங்கள். அதைப் பிடிக்க அம்மா கேக் செய்யும் தட்டு அங்கே இருக்கும், அதையும் பாராதீர்கள், அதே தட்டில் செய்த கேக்கைத்தான் உங்களுக்குத் தருவார்கள். காரின் முன்னால் செருகும் இரும்புக் கைப்பிடியைக் கொடுத்துச் சுற்றி ஸ்டார்ட் செய்யச் சொன்னால் கட்டை விரல் மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் இருக்கட்டும், இல்லாவிட்டால் துரை திருப்பி உதைக்கும்போது மோதிரம் போட விரல் மிஞ்சாது. கடைசியில், "வாரா வாரம் நான் வந்து வலது பக்கம் குத்துறேன் மாமா," என்று ஒரே ஒரு வரி. வேலை முடிந்தது. நான் சொன்னால் சொன்னதுதான், அப்பாவை எனக்குப் பதினாறு வருடமாகத் தெரியும்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம். சின்னவர்கள் எனக்கு வணக்கம் சொல்லவும்.

இப்படிக்கு,
குத்துவதில் இடது, குணத்தில் தங்கம்,
உங்கள் (அநேகமாக) மைத்துனன்

பின்குறிப்பு: மேலே உள்ள அத்தனையையும் கிழித்துப் போடுங்கள். சாயங்காலம் அப்பா யாரிடமும் சொல்லாமல் உங்கள் வீடு எப்படி என்று வேவு பார்க்கத் துரையில் போயிருக்கிறார். துரை சரியாக உங்கள் வாசலில் படுத்துவிட்டார். "யாருய்யா அது, கேட்டை மறிச்சு நிறுத்துறது?" என்று உங்கள் அப்பா கத்திக்கொண்டே ஓடிவந்தாராம். வந்தவர் பானட்டைப் பார்த்ததும் சண்டையை மறந்து, ரிப்பேர் பார்க்கச் சட்டைக் கையை மடித்துவிட்டாராம். எப்படியோ துரையை இழுத்துவந்து, இப்போது இருவரும் எங்கள் ஷெட்டில் இருக்கிறார்கள், காருக்கு அடியில் நாலு கால் மட்டும் தெரிகிறது. "சம்பந்தி, டார்ச்சை இந்தப் பக்கம் காட்டுங்க" என்று என் காதால் கேட்டேன். கல்யாணம் முடிவாகிவிட்டது மாமா, வாழ்த்துகள்! ஆனால் பல் டாக்டரிடம் இதே மாதிரி இன்னொன்று இருக்கிறதாம், அதை வாங்கி உங்கள் இருவருக்கும் கல்யாணப் பரிசாகக் கொடுக்கப் போகிறார்களாம். அக்கா அதைக் கேட்டுவிட்டாள். "அப்படின்னா எனக்குக் கல்யாணமே வேணாம்!" என்று அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அப்பாவைச் சமாளிக்கத்தான் எனக்கு வழி தெரியும். அக்காவைச் சமாளிக்க இந்த வீட்டில் யாருக்குமே வழி தெரியாது. ஞாயிறு வரை காத்திருக்காமல் உடனே கிளம்பி வாருங்கள். பஸ்ஸில் வாருங்கள்.