அந்தோனியாருக்குப் போட்ட பிராது

சட்டம் படிக்கிறவன் ஒரே ஒரு வகுப்புக்கு மட்டம் போட்டால் போதும், ஆயுசுக்கும் பேச்சு வாங்கலாம். நான் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நாற்பதுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் ஒரு பெரிய வக்கீல், எங்களுக்கெல்லாம் அவர் 'சீனியர்', சனிக்கிழமை சாயங்காலங்களில் மாணவர்கள் பன்னிரண்டு பேருக்குப் பிராது எழுதவும் வாதாடவும் தம் வீட்டு மாடியில் சொல்லிக்கொடுத்தார். நன்றாக எழுதுகிற ஒருவனை ஜூனியராக எடுத்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார். அந்த இடம் எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும். தவறினால், சாந்தோமில் அப்பா வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வாத்தியார் வேலைதான். (அந்தப் பையன்களை நினைத்தாலே எனக்குக் குலை நடுங்கும்.)

பிராதின் அமைப்பைச் சொல்லிக்கொடுத்த அன்று பார்த்து நான் சினிமாவுக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை டிராமில், அதே வகுப்புக்கு வரும் ரங்கனைப் பிடித்து விசாரித்தேன்.

"ஒரு கிழவியோட பசுவைப் பக்கத்தாத்துக்காரன் கட்டி வெச்சுண்டுட்டான். அங்கேயே அது கன்னும் போட்டுடுத்து. கிழவிக்காகப் பிராது எழுதணும். கடைசியிலே பிரேயர் எழுத மறந்துடாதேடா. அது இல்லேன்னா கேஸே நிக்காது."

வாதி கேட்கும் பரிகாரத்துக்குத்தான் கோர்ட்டில் பிரேயர் என்று பெயர். இதை எனக்கு யார் சொன்னது? எங்கள் வீட்டில் பிரேயர் என்றால் ஜெபம். வக்கீல்களுக்கு இத்தனை பக்தியா என்று எனக்குப் புல்லரித்தே விட்டது. தொலைந்ததை மீட்டுக் கொடுப்பவர் அந்தோனியார். "அவர்கிட்ட விவரமா கேக்கணும்டா, இல்லன்னா பாதிதான் கிடைக்கும்" என்பாள் அம்மா. விவரமாகவே எழுதினேன்: புனித அந்தோனியாரே, பசுவும் அதன் கன்றும் கழுத்து மணியும் வந்து சேரட்டும், பிரதிவாதிக்கு நல்ல புத்தி வரட்டும், ஆமென்.

அடுத்த வகுப்பில் சீனியர் அதை உரக்கப் படித்தார்.

"எந்த மகானுபாவன்டா இது? பிரதிவாதிக்கு நல்ல புத்தி கொடுக்கற அதிகாரம் ஐகோர்ட்டுக்கே கிடையாதே!"

மாடியே அதிர்ந்தது. ரங்கனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நான் மனத்துக்குள் மூன்றாம் வகுப்பு அட்டெண்டன்ஸ் எடுக்கத் தொடங்கிவிட்டேன்.

சீனியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சிரிச்சது போறும். நீங்க பதினோரு பேரும் பசுவை மட்டும் கேட்டிருக்கேள். கன்னுக்குட்டி என்ன ஆச்சு? கேக்காததைக் கோர்ட் கொடுக்காது. கன்னை அவாத்துலயே விட்டுட்டு வந்தா, பசு எப்படிடா பால் கொடுக்கும்? இவன் ஒருத்தன்தான் உருப்படியா கேட்டிருக்கான். விலாசம்தான் தப்பு. சவரிமுத்து, திங்கக்கிழமை ஆபீசுக்கு வந்துடு!"

அடடா, ரங்கன் மூஞ்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! டிராமுக்குக்கூடக் காத்திருக்காமல் சாந்தோம் வரை ஓட்டமும் நடையுமாகப் போனேன். அப்படி ஒரு சந்தோஷம்.

இரண்டு வருஷம் கழித்து என் கல்யாணம். பீடத்தின் முன் மண்டியிட்டுக் கண்ணை மூடினேன். முதல் பெஞ்சிலிருந்து சீனியரின் குரல் கோயில் முழுக்கக் கேட்டது:

"இப்போதான் சரியான கோர்ட்டுல தாக்கல் பண்ணியிருக்கான்!"

சாமியாரே சிரித்துவிட்டார். இன்றும் எங்கள் வீட்டில் யார் பூசைக்குக் கிளம்பினாலும், "தாக்கல் பண்ணிட்டு வா" என்றுதான் என் மனைவி வழியனுப்புகிறாள்.