கோச்சியார் எங்களை உட்கார வைத்த கதை

நியூசிலாந்தின் ஆக்லாந்து முழுக்க அணைந்துபோன எரிமலைகள்தான். அணையாத எரிமலை ஒன்றே ஒன்று இருந்தது. அது பிளாக்ஹவுஸ் பேயில், எங்கள் அடுத்த வீட்டில், அரைக்கால்சட்டை போட்டுக்கொண்டு எலுமிச்சை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. கதவு நிலையில் குனிந்து நுழைகிற உயரம். கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. வேலிக்கு மேலால் அவர் "குட் மார்னிங்" சொன்னால் எங்கள் வீட்டு அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று கதைத்துக்கொள்ளும்.

நாங்கள் வாடகைக்குக் குடிவந்த அன்றே வேலியோரம் வந்து கை நீட்டினார். பெயர் சொல்லவில்லை. "கோச் என்று கூப்பிடுங்கள்" என்றார். சாமான் இறக்க வந்திருந்த என் நண்பன் சிவபாதசுந்தரம் என் காதருகே வந்தான்.

"என்னடாப்பா, கோச்சியெண்டே சொல்லுறார்?"

யாழ்ப்பாணத்தில் ரயிலுக்குப் பெயர் கோச்சி.

"கோச்சடா. விளையாட்டுப் பழக்கிறவர்."

"இல்லையில்லை. ஆளைப் பாத்தால் கோச்சிதான்."

மூத்தவர் என்பதால் மரியாதைக்கு இரண்டு எழுத்தைச் சேர்த்து அன்றைக்கே கோச்சியார் ஆக்கிவிட்டோம்.

அவர் அமெரிக்கர். சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர், அதில் ஒரு கல்லூரி. அந்தக் கல்லூரியின் ஃபுட்பால் அணிக்கு முப்பது வருடம் பயிற்சியாளர். அவர்களுடைய ஃபுட்பாலில் காலுக்கு வேலை குறைவு. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் விழுகிற ஆட்டம். மனைவி ஆக்லாந்துக்காரி. "முப்பது வருஷம் உங்கள் ஊரில் குளிரில் கிடந்தேன், இனி என் ஊர்" என்று அந்த அம்மா இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். மாரிக் குளிரில் அரங்கம் நிறைந்த ஒரு லட்சம் பேரின் இரைச்சலுக்கு மேலாகக் கத்திப் பழகிய குரல் எங்கள் தெருவில் நாயைக் கூப்பிடுவதற்குப் பயன்பட்டது.

நானும் சிவபாதசுந்தரமும் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தோம். ஊரில் நான் கணக்காளன், அவன் தபால் அதிபர். இங்கே இருவரும் பொதிகட்டும் பகுதி. எங்களோடு மதுரைக்காரன் ரகு. கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். மாடியில் கம்ப்யூட்டர் அறை இருந்தது. ரகு நிமிர்ந்து பார்ப்பதெல்லாம் அந்த ஜன்னலைத்தான்.

அந்தக் கோடையில் முகாமையாளர் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு பகுதியும் டச் ரக்பி அணி ஒன்று இறக்க வேண்டும். ஒரு பக்கம் ஆறு பேர். பந்தைப் பின்னுக்குத்தான் கொடுக்கலாம். எதிராளி கையால் தொட்டால் நின்றுவிட வேண்டும். பந்தோடு எதிர்ப்பக்கக் கோட்டைத் தாண்டினால் ஒரு புள்ளி. கேட்க இலகுவாக இருந்தது. முதல் மூன்று ஆட்டங்களில் எங்கள் புள்ளிகள் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். தேநீர் அறைக்குள் நாங்கள் நுழைந்தால் மற்றப் பகுதிக்காரர்கள் விரலை வட்டமாக வளைத்துக் காட்டுவார்கள்.

ஒரு புதன்கிழமை மாலை வீட்டருகே உள்ள மைதானத்தில் பழகிக்கொண்டிருந்தோம். கோச்சியார் நாயோடு வந்தார். இருபது நிமிடம் அசையாமல் நின்று பார்த்தார். பிறகு நாயை ஒரு மரத்தில் கட்டிவிட்டு எங்களை நோக்கி நடந்தார்.

"ஐயோ, கோச்சி வருது" என்றான் சிவபாதசுந்தரம்.

"யாருக்கு எதிராக ஆடுகிறீர்கள்?" என்று கேட்டார்.

"எல்லாப் பகுதிகளுக்கும் எதிராக" என்றேன்.

"உங்களுக்கு எதிராகவும்தான் போலிருக்கிறது" என்றவர், எங்களைப் புல்லில் உட்கார வைத்து ஒவ்வொருவராக விரல் நீட்டினார். ஒருவனுடைய சப்பாத்து அரை அளவு பெரிது என்றார். கழற்றிப் பார்த்தால் முன்னால் துணி அடைத்திருந்தது. எனக்குத் தூரத்துப் பார்வை மங்கல் என்றார். மறுமாதம் கண்ணாடி போட்டேன். சிவபாதசுந்தரத்திடம் வந்ததும் மட்டும் குரலைத் தணித்தார்.

"உனக்கு வலது காது கேட்காது, இல்லையா?"

சிவபாதசுந்தரம் என்னைப் பார்த்தான், புல்லைப் பார்த்தான். ஊரில் பக்கத்து வளவில் ஷெல் விழுந்த நாளிலிருந்து அந்தக் காது போய்விட்டது. வேலை போய்விடும் என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. கூப்பிட்டால் திரும்பாத திமிர்பிடித்தவன் என்று மேற்பார்வையாளரிடம் பெயர் வாங்கியிருந்தான். பத்து வருடம் கூடவே திரிந்த எனக்குத் தெரியாது. இருபது நிமிடம் பார்த்தவருக்குத் தெரிந்தது.

"நீ வலது ஓரத்தில் நில்" என்றார் கோச்சியார். "அங்கே நின்றால் எல்லாரும் உன் இடது பக்கத்திலிருந்துதான் கூப்பிடுவார்கள்."

அன்றிலிருந்து நாங்கள் அவருடைய ஆட்கள்.

புதனும் வெள்ளியும் பயிற்சி. பெட்டி அட்டைகளின் பின்புறத்தில் வட்டமும் பெருக்கல் குறியுமாக வியூகம் வரைவார். எதிராளிக்குப் புரியக்கூடாது என்று வியூகங்களுக்குத் தமிழ்ப் பெயர் கேட்டார். நாங்கள் மரக்கறிகளைக் கொடுத்தோம். கத்தரிக்காய் என்றால் வலது. முருங்கைக்காய் என்றால் நேரே. ஆட்டத்தன்று கோட்டருகே நின்று அந்த அமெரிக்கத் தொண்டையால் "காட்ரிக்கா!" என்று அவர் முழங்குவதைக் கேட்டு எதிரணி திகைத்து நிற்கும். அதற்குள் ரகு கோட்டைத் தாண்டிவிடுவான்.

பூசணிக்காய் என்றும் ஒரு வியூகம் இருந்தது. அதன் நடுவில் ரகு ஓட்டத்தை நிறுத்திக் கேட்டான்.

"அண்ணே, பூசணின்னா வெள்ளையா, மஞ்சளா?"

"மஞ்சள்தான். வெள்ளையெண்டால் நீத்துப்பூசணி."

"எங்க ஊர்ல மஞ்சள்னா பரங்கிக்காய்ணே. இது தெரியாம நான் எப்படி ஓடுறது?"

என்ன தகராறு என்று கோச்சியார் கேட்டார். விளக்கினோம். முப்பது வருட அனுபவத்தில் இப்படி ஒரு சிக்கலைச் சந்தித்ததில்லை என்று சொல்லி அந்த வியூகத்தையே கைவிட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் தோற்கவில்லை. அச்சுப் பகுதி, களஞ்சியம், லாரி ஓட்டுநர்கள், அலுவலகம், எல்லாரையும் வென்றோம். தேநீர் அறையில் வட்டங்கள் மறைந்தன. இறுதியாட்டம் மெஷின் பகுதியோடு. அவர்களில் நான்கு பேர் சனிக்கிழமைகளில் கழகங்களுக்கு நிஜ ரக்பி ஆடுகிறவர்கள். முகாமையாளர் குடும்பத்தோடு பார்க்க வருவார் என்று செய்தி வந்தது.

"அண்ணே, அவர் என்னைய ஒரு தடவை பாத்தா போதும்" என்றான் ரகு. "கூப்பிட்டு யாருன்னு கேப்பாரு. படிச்சது கம்ப்யூட்டர்னு சொல்லிருவேன்."

இறுதியாட்டத்துக்கு முந்திய புதன்கிழமை. எங்கள் ஷிப்ட் முடிவது ஐந்து மணிக்கு. ஐந்தே காலுக்கு நான் காரில் போய் இறங்கியபோது ரகு ஏற்கெனவே வியர்த்து நனைந்து நின்றான். கோச்சியார் என்னைப் பார்த்தார்.

"இவன் ஐந்து மணிக்கே இங்கே நின்றான். பஸ்ஸில் வந்தால் அரை மணி நேரம். இவன் வேகமானவன்தான், ஆனால் அவ்வளவு வேகமில்லை."

ரகு முணுமுணுத்தான். "சொல்லிடாதீங்கண்ணே."

"தொழிற்சாலை மணிக்கூடு கொஞ்சம் பிழை" என்றேன். கோச்சியார் சும்மா பார்த்தார். இராணுவச் சோதனைச் சாவடிகளில் கூட நான் அப்படி உடைந்ததில்லை. மூன்று வாரமாக ரகு அரை மணி முன்னதாகப் புறப்படுகிறான், ஐந்து மணிக்கு அவனுடைய கார்டை நேரம் பதிகிற மெஷினில் அடிப்பது நான்தான் என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன்.

"சனிக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் ஆடமாட்டீர்கள்" என்றார்.

"கோச், உங்க பயிற்சிக்குத்தானே சீக்கிரம் வந்தேன்!" என்றான் ரகு. கண்ணில் நீர் கட்டிவிட்டது.

"தெரியும்" என்றார். அவ்வளவுதான்.

என்னை உட்கார வைத்தது அணிக்கு லாபம் என்று சிவபாதசுந்தரம் பகிரங்கமாகவே சொன்னான். ஆனால் ரகு இல்லாமல் எப்படி? மறுநாள் நான் கோச்சியாரின் மனைவியிடம் தூது போனேன். அந்த அம்மா தேநீர் ஊற்றினார். என் சட்டையில் பொத்தான் ஒன்று அறுந்திருப்பதைக் கண்டு தகர டப்பாவை எடுத்துத் துழாவினார். பொத்தான்களுக்கு நடுவே கல் பதித்த மூன்று பெரிய மோதிரங்கள் கிடந்தன.

"சாம்பியன் ஆகும்போது கொடுப்பார்கள்" என்றார். "நாலாவதும் வந்திருக்கும்."

நாலாவது வராத கதையைச் சொன்னார். அந்த வருடம் அணியின் நட்சத்திரம் தன் பரீட்சைக் கட்டுரையை வேறொருவனைக் கொண்டு எழுதுவித்தது கோச்சியாருக்கு மட்டும் தெரியவந்தது. இறுதியாட்டத்தில் அவனை உட்கார வைத்தார். தோற்றார்கள். ஏன் உட்கார வைத்தேன் என்று அவர் வெளியே சொல்லவில்லை. சொன்னால் அவன் படிப்பு போய்விடும். ஊரே திரும்பி நின்றது. முடிவெட்டுகிறவர் அவருக்கு முடிவெட்ட மறுத்துவிட்டார்.

"ஒரு வருஷம் நான்தான் வெட்டிவிட்டேன்" என்றார் அந்த அம்மா. "பார்க்கச் சகிக்காது. அப்படியே போய் அடுத்த வருஷமும் அணியை இறுதியாட்டத்துக்குக் கொண்டுவந்தார். நீங்கள் கேட்டு அவர் மாறுவார் என்றா நினைக்கிறீர்கள்?"

பொத்தானைத் தைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை. மாற்று ஆளே இல்லாமல் சரியாக ஆறு பேர் இறங்கினார்கள். கோட்டோரம் ஒரு நீள பெஞ்ச். நடுவில் கோச்சியார், இரண்டு பக்கமும் நாங்கள். முகாமையாளர் எதிர்ப்பக்கம் மடக்கு நாற்காலியில் இருந்தார். ரகு தலையைக் கவிழ்த்தபடியே இருந்தான். மெஷின் பகுதி மூன்று முறை கோட்டைத் தாண்டியது. பிறகு "காட்ரிக்கா!" முழங்கியது. பந்து கைமாறிக் கைமாறி வலது ஓரத்துக்கு வந்தது. அங்கே எங்கள் முன்னாள் தபால் அதிபர் தொப்பை குலுங்க ஓடிப்போய்க் கோட்டுக்கு அப்பால் விழுந்தான். எழும்பவில்லை. அடிபட்டுவிட்டதோ என்று ஓடினால், படுத்துக் கிடந்து சிரிக்கிறான்.

ரகு எப்போது எழுந்தான் என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது கோட்டோரம் ஓடிக்கொண்டிருந்தான். "அண்ணே, எடம் இருக்கு, எடது பக்கம் எடம் இருக்கு!" தண்ணீர் கொண்டு ஓடினான். விழுந்தவனைத் தூக்கிவிட்டான். கடைசி நிமிடம் வரை கத்தினான். ஒரே ஒரு புள்ளியால் தோற்றோம். எல்லாரையும் கட்டிப்பிடித்து முடித்துவிட்டுத்தான் அழுதான்.

கோச்சியார் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "திங்கட்கிழமை நான் முகாமையாளரைப் பார்க்கப் போகிறேன். நீங்களும் வருகிறீர்களா?"

வருகிறோம் என்றோம். வேலை போனால் வீசா என்னாகும் என்று ரகு இரண்டு நாளும் சாப்பிடவில்லை. என் மனைவி என்னோடு பேசவில்லை.

திங்கட்கிழமை கோச்சியார் கோட்டும் டையுமாக வந்தார். அந்த அலுவலக நாற்காலி அவருக்குப் போதவில்லை. நாங்கள் கார்டு விஷயத்தை ஒப்புக்கொண்டோம். முகாமையாளரின் முகம் சிவந்தது. அவர் வாய் திறக்குமுன் கோச்சியார் பேசினார்.

"முப்பது வருஷத்தில் நிறையப் பேரை உட்கார வைத்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் என்னைத் திட்டிக்கொண்டு இருப்பார்கள். சிலர் எழுந்து நின்று மற்றவர்களுக்காகக் கத்துவார்கள். அந்தச் சிலருக்கு மட்டும்தான் நான் வேலைக்குச் சிபாரிசு செய்வேன். சனிக்கிழமை நீங்களும் பார்த்தீர்கள். இவன் படித்தது கம்ப்யூட்டர்." பிறகு என்னைப் பார்த்து, "இவன் நேர்மையானவன். பொய் சொல்லத் தெரியாது" என்றார்.

இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து ரகுவை மாடிக்குக் கூப்பிட்டார்கள்.

சில வருடங்களில் மகளும் பேரப்பிள்ளைகளும் அழைத்தார்கள் என்று கோச்சியாரும் மனைவியும் அமெரிக்காவுக்கே திரும்பிப் போனார்கள். விமான நிலையத்துக்கு மூன்று காரில் போனோம். கோச்சியார் ஒவ்வொருவராகக் கை கொடுத்தார். அழுத்திக் கொடுத்ததில் எனக்கு இரண்டு நாள் விரல் வலித்தது.

அடுத்த புதன்கிழமை மாலை எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மெல்ல மைதானத்துப் பக்கம் நடந்தேன். சிவபாதசுந்தரம் அங்கே நின்றான். ரகுவும் வந்தான். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டோம். ஒருவரும் பந்து கொண்டுவரவில்லை. மழை தூறத் தொடங்கிய பிறகும் ஒருவரும் முதலில் கிளம்பவில்லை.