நான் புருவம் வரைந்த பறவை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓர் அப்பாவிப் பறவைக்கு மேக்கப் போட்டு, அதை வேறு பறவையாக்கி, அதைப் பார்க்க ஆறு கார் நிறைய ஆட்களை வரவழைத்தவன் நான். யாரையும் ஏமாற்றும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. (அதற்குக் கொஞ்சம் அறிவு வேண்டும்.)

டெக்சஸில், ஆலன் ஊருக்குக் குடிவந்த முதல் குளிர்காலம். கேமரா வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. எங்கள் பேக்யார்டு வேலியில் தொங்கவிட்ட தீனிக்கூண்டில் ஒரு குட்டிப் பறவை வந்து உட்கார்ந்தது. நாற்பது படம் எடுத்தேன். முப்பத்தொன்பதில் வேலி மட்டும் இருந்தது. மிச்சமிருந்த ஒன்றில் பறவை, மூடுபனியில் வைத்த உருளைக்கிழங்கு மாதிரி தெரிந்தது.

எடிட்டிங் சாஃப்ட்வேரைத் திறந்தேன். ஷார்ப்பனிங் என்று ஒரு கோடு; அதை லேசாக நகர்த்தினால் படம் தெளியும் என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்கள். நான் நூறு வரைக்கும் இழுத்தேன். நூறு கொடுத்திருக்கிறார்கள், எதற்கு மிச்சம் வைப்பது? (ரசத்துக்குப் பெருங்காயம் போடுவதிலும் எனக்கு இதே கொள்கைதான். அதனால் சமையலறையில் அனுமதி இல்லை.)

சிறகில் நூல் மாதிரி இருந்த வெள்ளைக் கோடு பட்டையாக விரிந்தது. அலகு தடித்தது. நிறத்தைக் கூட்டினேன், மங்கல் பறவை மாம்பழ மஞ்சளாயிற்று. கண்ணுக்கு மேலே மட்டும் வெறிச்சென்று இருந்ததால், பிரஷ்ஷை எடுத்து மஞ்சளில் ஒரு புருவம் தீட்டினேன். சுற்றியிருந்ததை எல்லாம் வெட்டி எறிந்தேன். பறவை கோழி அளவுக்குக் கம்பீரமாக நின்றது. பறவை பார்ப்பவர்களுக்கென்று எங்கள் ஊரில் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்.

பத்தே நிமிடத்தில் ஸ்டீபன் அங்கிளிடமிருந்து போன். பாளையங்கோட்டையில் டாக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர்; இங்கே இருக்கும் மகன் வீட்டுக்கு வந்திருந்தார். பார்த்த பறவைகளை எல்லாம் டயரியில் எழுதி வைப்பவர்.

"தம்பி, ஈவ்னிங் க்ரோஸ்பீக்லா இது. எங்க எடுத்த?"

"நம்ம பேக்யார்டுலதான் அங்கிள்."

"வடக்க பனிக்காட்டுல திரியிற பறவை. இந்தப் பக்கம் வர்றதே அபூர்வம். மூணு தடவ அமெரிக்கா வந்துட்டேன், கண்ணுல படல. திங்கக்கிழம ஊருக்குக் கிளம்புதேன். முட்டி இருக்கிற லட்சணத்துக்கு இனிமே வரப் போறதில்ல. நாளைக்குக் காலைல வந்து பாக்கட்டுமா?"

அந்தப் படத்தில் பறவையின் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று அப்போதே பிரித்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் 'அபூர்வம்' என்ற சொல் காதில் விழுந்ததும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"தாராளமா வாங்க அங்கிள். குரூப்ல எல்லாரையும் வரச் சொல்லிடுறேன்."

சனிக்கிழமை காலை தெருவில் ஆறு கார்கள். எதிர்வீட்டுக்காரர் வந்து, வீட்டை விற்கப் போகிறாயா, இவர்களெல்லாம் பார்க்க வந்தவர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். என் மனைவி வித்யா ஒரு பெரிய பாத்திரம் நிறைய உப்புமா கிண்டி வைத்திருந்தாள். அங்கிள் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் டயரியை விரித்திருந்தார். பறவையின் பெயரை முன்பே எழுதியாகிவிட்டது. டிக் போடுவது மட்டும் பாக்கி.

பறவை வந்தது. ஒருவரும் பைனாகுலரைத் தூக்கவில்லை.

"அங்கிள், வந்துடுச்சு," என்றேன்.

"எங்க?"

"உங்க முன்னாடிதான்."

"அது கோல்ட்ஃபின்ச்லா. கைக்குள்ள அடங்கிரும். குளிர்ல நிறம் மங்கிக் கெடக்கும்."

"படத்துல இருக்கிறது அதுதான் அங்கிள்."

அவர் போனைப் பார்த்தார். பறவையைப் பார்த்தார். எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"அந்த மஞ்சள்?"

"கலர் கூட்டினேன்."

"வெள்ளைப் பட்டை?"

"ஷார்ப்பனிங்."

"அலகு?"

"அதுவும் ஷார்ப்பனிங்தான்."

"புருவம்?"

"அது... நானே வரைஞ்சது அங்கிள்."

பறவைகூடத் தின்பதை நிறுத்திவிட்டது. வித்யாதான் தட்டை நீட்டினாள். "உப்புமா மட்டும் ஒரிஜினல் அங்கிள். சாப்பிடுங்க."

அங்கிள் நாற்காலி ஆடும் அளவுக்குச் சிரித்தார். பிறகு டயரியில் எழுதியிருந்த பெயரை நிதானமாக அடித்தார். அந்தக் கோடுதான் எனக்கு உறைத்தது. திங்கட்கிழமை ஊருக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து நான் எந்தக் கதையைத் தொடங்கினாலும் வித்யா, "புருவம் வரையாம சொல்லுங்க," என்பாள். எதற்கும் இங்கிலீஷிலேயே பதில் சொல்லும் என் மகள்கூட, என் ஆபீஸ் வீரதீரங்களைக் கேட்டுவிட்டு, "புருவம், அப்பா," என்று சுத்தத் தமிழில் சொல்கிறாள்.

ஆனால் நானும் சும்மா இருக்கவில்லை. மூச்சை அடக்கி கேமராவைப் பிடிக்கப் பழகினேன். ஷார்ப்பனிங் கோட்டை இருபதுக்கு மேல் நகர்த்துவதில்லை. போன குளிர்காலத்தில் கொலராடோ போயிருந்தபோது, பனி மூடிய பைன் மரக்கிளையில் வந்து உட்கார்ந்தது சாட்சாத் ஈவ்னிங் க்ரோஸ்பீக். தடித்த அலகு, வெள்ளைப் பட்டை, கடவுளே தீட்டிய மஞ்சள் புருவம். கண்ணில் ஒளிப்புள்ளிகூடத் துல்லியமாக விழுந்திருந்தது. சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: பிரமாதமான படம். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை, வெட்டக்கூட இல்லை.

அப்படியே பாளையங்கோட்டைக்கு அனுப்பினேன். 'அங்கிள், உங்க பறவை. கேமராவுல வந்தது வந்தபடி. சத்தியமா நான் கையே வைக்கல.'

உடனே பார்த்துவிட்டார். பெருமை தாங்காமல் போனையே வெறித்துக்கொண்டு நின்றேன். பதில் வந்தது:

"புருவம் நல்லா வரைஞ்சிருக்க தம்பி."